காரைக்குடியில் குழந்தைக்கு டே கேர் ஆபரேஷன்: எங்கள் அனுபவம்

என் மகனுக்கு நாலு வயது. வலது பக்கம் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. இந்த ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்தோம். காலையில் போய் அன்று சாயங்காலமே பள்ளத்தூருக்கு வீடு திரும்பிவிட்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டரின் கைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இங்கே குழந்தையைத் தயார்ப்படுத்தும் விதம்தான் என்னை இதை எழுத வைத்தது, ஏனென்றால் நான் பார்த்தவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெற்றோரிடம்தான் பேசுவார்கள், ஆபரேஷன் யாருக்கோ அந்தக் குழந்தையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷன் என்றாலே மதுரைக்குப் போ, திருச்சிக்குப் போ என்பார்கள். இங்கே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் மதுரையில் இருந்து குறிப்பிட்ட நாளில் வந்து செய்கிறார். பிள்ளைகளுக்கு வரும் ஹெர்னியா பெரியவர்களுக்கு வெயிட் தூக்கி வருவது போன்றது இல்லை என்பதை அவர்தான் படம் போட்டுக் காட்டினார். தாய் வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் விதைக்கொட்டை கீழே இறங்கி வந்த பாதை தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம், மூடாமல் இருந்தால் அழும்போதும் முக்கும்போதும் அந்த வழியாகக் குடல் இறங்கித் தொடை இடுக்கில் உருண்டையாகத் தெரியும். அது தானாகச் சரியாகாது, குடல் உள்ளே மாட்டிக்கொண்டால் ராத்திரியோ பகலோ ஓட வேண்டிவரும், அதனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். பெரியவர்களுக்கு ஹெர்னியா ஆபரேஷனில் உள்ளே வைத்துத் தைக்கிற வலையெல்லாம் (மெஷ்) பிள்ளைகளுக்கு வேண்டாம், அந்தப் பாதையைக் கட்டிவிடுவதோடு சரி.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் பிள்ளையோடு வரச் சொன்னார்கள். மயக்க டாக்டர் பார்த்தார். சளி, வீசிங், வலிப்பு, ஆடுகிற பல், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று எல்லாம் கேட்டார். சளி இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சில வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, மூச்சுக்குழாய் விஷயத்தில் விளையாடக் கூடாது என்றார். அது முடிந்ததும் ஒரு சிஸ்டர் என் மகனைத் தனியாக உட்கார வைத்து, கையில் மயக்க மாஸ்க்கைக் கொடுத்துவிட்டார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, ஊசி உண்டா என்பது.

என் வீட்டுக்காரர் "இல்லடா" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் அதற்குள், "உண்டு சாமி, கையில ஒண்ணு. க்ரீம் தடவிடுவோம், அதனால ரொம்ப வலிக்காது. நீ அழுதாலும் பரவாயில்ல, கையை மட்டும் ஆட்டாம வச்சுக்கணும்" என்றார். அடுத்த கேள்வி, அம்மா வருவாங்களா. "மாஸ்க் வைக்கிற வரைக்கும் உன்கூடத்தான் இருப்பாங்க. நீ முழிக்கும்போதும் பக்கத்துல இருப்பாங்க. நடுவுல நீ தூங்கிடுவ, அப்ப டாக்டர் என்ன செஞ்சாலும் உனக்குத் தெரியாது." அவ்வளவுதான் பேச்சு. மாஸ்க்கை வீட்டுக்கே எடுத்துப் போகச் சொன்னார்கள். அன்று ராத்திரி அப்பத்தாவைப் படுக்க வைத்து மூக்கில் மாஸ்க்கை வைத்து "கையை ஆட்டக் கூடாது" என்று சிஸ்டர் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் க்ரீம் தோலை மரத்துப்போகச் செய்யும், ஆனால் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவி ஒட்டி வைத்தால்தான் வேலை செய்யும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கேட்டு வாங்குங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும், ரொம்ப முன்னாலேயே சொன்னால் நினைத்து நினைத்துப் பயப்படும், பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லலாம் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. சின்னப் பிள்ளைகள் தான் ஏதோ சேட்டை செய்ததற்குத் தண்டனையாகத்தான் இது நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுமாம், அதனால் நீ தப்பு எதுவும் பண்ணவில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். "சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லுவேன்" என்று நம் வீடுகளில் எத்தனை தடவை சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் பெரிய பிரச்சனையே வெள்ளி அரைஞாண் கொடிதான். கழற்ற வேண்டும் என்றதும் அப்பத்தாவுக்கு முகம் மாறிவிட்டது, பிறந்ததில் இருந்து கிடப்பதை ஆபரேஷன் அன்றைக்கா கழற்றுவது என்று. சிஸ்டர் சலிக்காமல் விளக்கினார்: வெட்டுகிற இடமே அதற்குக் கீழேதான் இருக்கிறது, ரத்தம் நிற்பதற்கு மின்சாரக் கருவி வைப்பார்கள், உலோகம் பட்டால் சுட்டுவிடும் வாய்ப்பு உண்டு. குன்றக்குடி கோயிலில் வாங்கிய கயிறு கையில் இருக்கட்டும், டேப் போட்டு மூடிக்கொள்கிறோம் என்றார். அதோடு சமாதானம் ஆகிவிட்டது. ஒரு கிழவியின் நம்பிக்கையைத் தூக்கி எறியாமல் காரணம் சொல்லிப் பேசிய அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு.

பட்டினி விஷயத்தில் ராத்திரியே போன் செய்து மணி கணக்குச் சொன்னார்கள். சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தண்ணீர், இளநீர் போன்றவை இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். பால் தண்ணீர் மாதிரிதானே என்று நினைக்காதீர்கள், அது சாப்பாட்டுக் கணக்கு. வயிற்றில் ஏதாவது இருந்து மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இங்கேதான் என் முதல் குறை. டாக்டர் வருகிற நாள் ஒன்றே என்பதால் எல்லாக் கேஸையும் அன்றைக்கே போடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் பெரிய பையன்களை எடுத்துவிட்டார்கள், நேரம் போய்க்கொண்டே இருந்தது, என் பிள்ளை தண்ணி தண்ணி என்று அழ ஆரம்பித்துவிட்டான். நானாகப் போய்க் கேட்ட பிறகுதான் மயக்க டாக்டரிடம் விசாரித்துக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். கேட்காத பெற்றோர் என்ன செய்வார்கள்? வயதில் சின்னப் பிள்ளையை முதலில் எடுக்க வேண்டும், தாமதமானால் அவர்களாகவே வந்து சொல்ல வேண்டும்.

தியேட்டருக்குள் சொன்னபடியே என்னை விட்டார்கள். கவுன், தொப்பி போட்டுக்கொண்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டான். கண் மேலே சொருகும், கைகால் கொஞ்சம் உதறும், அது சாதாரணம்தான், பயப்படாதீர்கள் என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். முழித்த பிறகும் கொஞ்ச நேரம் யாரென்று தெரியாமல் திமிறி அழுவான் என்றார்கள், அப்படியே அழுதான், அப்புறம் தானாக அடங்கிவிட்டான்.

ஆனால் அவன் நிஜமாகவே பயந்தது வேறு ஒன்றுக்கு. தூங்கிய பிறகு முதுகின் அடியில் ஒரு மரப்பு ஊசி போடுகிறார்கள், சில மணி நேரம் வலி தெரியாமல் இருக்க அது நல்லதுதான், ஆனால் காலும் கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்காது. இதைப் பற்றி எங்களிடம் கையெழுத்து வாங்கும்போது சொன்னார்கள், அவனிடம் யாரும் சொல்லவில்லை. இறங்கி ஒண்ணுக்குப் போகலாம் என்று காலை ஊன்றினான், கால் மடங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். "அம்மா, என் கால் எங்க போச்சு" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஊசியைப் பற்றி முன்னாலேயே சொன்னதால் ஊசிக்கு அழாத பிள்ளை இதற்கு விடாமல் அழுதான். மாஸ்க்கைக் காட்டிய அதே சிஸ்டர் "கால் கொஞ்ச நேரம் தூங்கும், அப்புறம் முழிச்சிடும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் குடித்து, அரை இட்லி தின்று, வாந்தி எடுக்காமல், ஒண்ணுக்கும் போன பிறகே டிஸ்சார்ஜ். வலி மருந்து எடைக்குத் தகுந்த அளவு, எப்போது குளிப்பாட்டலாம், காய்ச்சல், புண் சிவந்து வீங்குதல், விடாத வாந்தி என்றால் கூப்பிட வேண்டிய நம்பர், எல்லாம் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ராத்திரி மதுரைக்குத் திரும்பிவிடுவாரே என்று எனக்கு உள்ளூர உதறல்தான். புண் மேல் போட்ட கட்டில் லேசாக ரத்தக்கறை தெரிந்து அந்த நம்பருக்கு அடித்தபோது உடனே எடுத்தார்கள், ட்யூட்டி டாக்டர் போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்.

பில்லில் மயக்க டாக்டர் ஃபீஸும் மருந்தும் பேக்கேஜுக்கு வெளியே வந்தது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும், தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும், ஒருநாள் ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று கவுண்டரில் தேதி வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மறுபடி காட்டப் போனபோது கால் மரப்பு விஷயத்தை அந்தச் சிஸ்டரிடமே சொன்னேன். இனி பிள்ளைகளிடம் சொல்கிறோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நீங்கள் போகும்போது சொல்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்களே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வரும்போது வண்டி ஓட்ட ஒருவர், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஒருவர் என்று இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும்.