பிள்ளை பேரில் சொத்து: கிரையமா, செட்டில்மெண்டா, உயிலா?

கிரையப் பத்திரத்தில் வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் 'மைனருக்காகத் தகப்பனாரும் கார்டியனுமான' என்று ஒரு வரி வரும். பணம் அப்பாவுடையது, கையெழுத்தும் அவருடையதுதான். ஆனால் பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து பிள்ளையுடையது. 'நான் வாங்கினதுதானே' என்று சொல்லிப் பயனில்லை. பெயரில் இருப்பவர் உரிமையாளர் இல்லை என்று யார் சொல்கிறாரோ, அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

சிக்கல் தெரிவது விற்கப் போகும்போதுதான். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு மைனர், கார்டியன் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, மைனரின் தனிச்சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பெற்றோர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை, உடனே பணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அது பெரிய அவசரம். நீதிபதி பார்ப்பதோ, இந்த விற்பனையால் பிள்ளைக்கு என்ன அவசியம், என்ன நன்மை என்பதை. அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை 18 வயது முடிந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். அதனால்தான் வாங்க வருபவரின் விவரம் தெரிந்த வக்கீல், வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) மைனர் என்று பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிறார்.

வரி மிச்சமாகும் என்று நினைத்தால் அதுவும் பெரிதாக இல்லை. மைனர் சொத்தில் வரும் வாடகை பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. மைனர் உயில் எழுத முடியாது. இந்து வாரிசுச் சட்டப்படி, மணமாகாத மகன் இறந்துவிட்டால் அவன் பேரில் உள்ளது முழுவதும் அம்மாவுக்குப் போகும். அம்மா இருக்கும்வரை, பணம் போட்ட அப்பாவுக்குப் பங்கு கிடையாது. மணமான மகள் உயில் எழுதாமல், குழந்தை இல்லாமல் இறந்தால், அவள் பேரில் வாங்கியதும் செட்டில்மெண்டாக, அதாவது பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விலை வாங்காமல் எழுதிக் கொடுத்ததும் கணவர் பக்கம் போகும். பெற்றோருக்குப் பின் வாரிசாக அவளுக்கு வந்த சொத்து மட்டும்தான் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும்.

சரி, செட்டில்மெண்ட்? மைனருக்கு எழுதினால் அதே பூட்டுதான். வயது வந்த பிள்ளைக்கு என்றால் இது நல்ல வழி, ஆனால் இரண்டு வாசகங்கள் கட்டாயம் வேண்டும்: ஆயுள் உள்ளவரை நாம் அனுபவிக்கும் உரிமை, நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டாவது இருந்தால், பிள்ளை கைவிடும்போது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திர எழுத்தர் பழைய மாதிரியைப் பார்த்து அடிக்கும்போது இவை விட்டுப்போகும். பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். செலவும் தாங்கக்கூடியதுதான். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்றுதான் வைத்தார்கள்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. இரண்டு சாட்சிகள் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசிவரை சொத்து நம் கையில். நமக்குப் பின் தகராறு வந்தால் சாட்சி நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். அதனால் நம்மைவிட இளையவர்களைச் சாட்சியாக வைத்து, பதிவும் செய்துவிடுவது நல்லது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: உங்கள் பேரில் வாங்குங்கள், உயில் எழுதுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மாற்றிச் சொல்வேன். இறந்துபோன தாயின் காப்பீட்டுப் பணம் குழந்தைக்கென்று வந்திருக்கிறது. அதைக் குழந்தை பேரிலேயே நிலமாக்குங்கள். அப்பா மறுமணம் செய்தாலும் கடன்பட்டாலும், நீதிமன்றத்தைக் கேட்காமல் யாரும் அதைத் தொட முடியாது.