பள்ளத்தூர் வீட்டு முகப்புக்கு வர்ணம்: ஐந்துக்குக் கடைக்கு இரண்டரை, சுண்ணாம்புக்கு நாலு

பெயிண்ட் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. காரைக்குடியில் யாரைக் குறை சொன்னாலும் அவர் ஏதோ ஒரு வழியில் உறவாகிவிடுகிறார். நாளைக்கு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார வேண்டியிருக்கும்.

போன மாசியில் என் வீட்டுக்காரருக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். முகப்பில் வெள்ளையடித்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மூன்று பங்கு: நாங்கள், சென்னையில் இருக்கும் கொழுந்தனார், சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவர் மகன். செலவு மூன்று பங்கு, யோசனை முப்பது பங்கு. அதனால் புரட்டாசியிலேயே அந்தக் கடையின் இலவச வர்ண ஆலோசனைக்குச் சொல்லிவிட்டேன்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். அதற்கே அரை மதிப்பெண். தெருவில் நின்று வீட்டைப் படம் எடுத்தான். ஒரு நிமிடத்தில் கையில் இருந்த டேப்லெட்டில் எங்கள் வீடு சாம்பல் நிறத்தில், ஓரங்களில் ஆரஞ்சுப் பட்டையோடு நின்றது. நிலைக்கு மேலே சுதையில் இருக்கும் கஜலட்சுமியையும் இரண்டு யானைகளையும் அந்த இயந்திரம் விட்டுவைக்கவில்லை, எல்லாம் சாம்பல். படம் வாட்ஸ்அப்பில் போனது. சிங்கப்பூரிலிருந்து உடனே பதில்: "சூப்பர்." எண்பத்தாறு வயது மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சாந்திக்கு வீட்டில் சாம்பலா பூசுவார்கள்?"

திரையில் தெரியும் வர்ணம் வேறு, சுவரில் தெரியும் வர்ணம் வேறு. இதை அந்தப் பையன் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நானாகத்தான் மூன்று சிறிய டப்பாக்கள் வாங்கி, முகப்பில் வெயில் படும் இடத்திலும் திண்ணை நிழலிலும் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரமாக அடிக்கச் சொன்னேன். ஒரு வாரம் காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளையும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். பால்காரர் என்ன தொலைந்தது என்று கேட்டார். அட்டையில் சந்தனமாக இருந்தது சுவரில் மஞ்சள்தூள் கூடிப்போன சாம்பார் போல இருந்தது. சின்னச் சதுரத்தில் சாதுவாக இருக்கும் நிறம் பெரிய பரப்பில் ஒரு பங்கு ஏறித் தெரியும். சாம்பலோ நிழலில் நீலம் பாரித்தது, உச்சி வெயிலில் வெளிறியது. சிங்கப்பூருக்கு அந்தப் படங்களையும் அனுப்பினேன். இந்த முறை பதில் வரச் சாயங்காலம் ஆனது.

நிறத்தைவிடப் பெரிய பாடத்தை ஐப்பசி மழை சொல்லித் தந்தது. முகப்பின் அடிச்சுவரில் பட்டிப் பூச்சு வைத்து, கடைப் பெயிண்டான எமல்ஷன் அடித்த சதுரம் மூன்றே வாரத்தில் அப்பளம் போலக் கொப்புளித்தது. நகத்தால் நெம்பினேன், ரப்பர் தோலாக உரிந்து வந்தது. பின்பக்கம் ஈரம், வெள்ளை வெள்ளையாக உப்பு. எங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே தோல் போர்த்திவிட்டால் ஈரம் எங்கே போகும்? கடையில் கேட்டேன். ஏழு வருட உத்தரவாதம் என்றார்களே என்றதும் அட்டையை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார்கள்: தரை ஈரத்தால் வரும் சேதம் இதில் சேராது. சுவர் என்ன சுவர் என்று அளக்க வந்த அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இங்கேதான் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அதற்காக எமல்ஷனே ஆகாது என்று சொல்ல மாட்டேன். 1996-இல் கட்டிய எங்கள் காம்பவுண்டுச் சுவர் சிமெண்டுப் பூச்சு. அதற்கு அதே கடையில் மஞ்சள் காவிக்கு நெருங்கிய ஒரு நிறம் கலக்கச் சொல்லி, பிரைமருக்கு மேல் இரண்டு கோட்டிங் அடித்தோம். இன்று வரை ஒரு குறை இல்லை. காவியும் மஞ்சள் காவியும் இரும்புத்துரு வகை, நம் ஊர் வெயிலுக்கு அசையாது. கடையில் கலக்கும் இயந்திரம் நல்ல இயந்திரம், கலந்து தரும் பையனும் பொறுமைசாலி. ஆனால் ஒரே எண்ணாக இருந்தாலும் வேறு நாளில் கலந்த டப்பா அரை இழை மாறும். எல்லா டப்பாவையும் ஒரு டிரம்மில் கொட்டிக் கலந்த பிறகுதான் பெயிண்டர் பிரஷ்ஷைத் தொட்டார்.

முகப்புக்குக் கடைசியில் சுண்ணாம்புதான். கண்டனூரிலிருந்து வந்த வயதான கொத்தனார் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பின்கட்டில் தாழியில் நீற்றினார். தண்ணீர் பட்டதும் அது புகைந்து கொதித்ததைப் பேரப்பிள்ளைகள் தூண் மறைவில் நின்று பார்த்தார்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று கிட்டவே விடவில்லை. நாலு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, வச்சிரப்பசை கொஞ்சமும் நீலம் ஒரு சிட்டிகையும் சேர்த்தார். சுவரை நனைத்துவிட்டு முதல் கோட்டிங் அடித்தபோது எனக்கு அழுகையே வந்தது. மோர்த்தண்ணீர் தெளித்ததுபோல இருந்தது, சுவர் அப்படியே தெரிந்தது. "ஆச்சி, காய விடுங்கள், அது தானாக வெளுக்கும்" என்றார். சாயங்காலம் வெளுத்தது. மெல்லிசாக மூன்று கோட்டிங், உச்சி வெயிலில் வேலை இல்லை; சீக்கிரம் காய்ந்தால் மாவாக உதிருமாம். சித்திர வேலைப்பாட்டு ஓரங்களுக்கு மட்டும் அதே சுண்ணாம்பில் மஞ்சள் காவிப் பொடி. லட்சுமியின் புடவைக்கு வர்ணம் தீட்ட, கோயில் வேலை செய்கிற ஒருவரைத் தனியாக வரவழைத்தோம்.

உள்ளே பட்டாலை என்கிற கூடத்துத் தூண்களில் இருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பழைய முட்டைப் பூச்சை யாரையும் தொடவிடவில்லை. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. எங்கள் தெருவில் ஒருவர் அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டு இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

செலவே இல்லாத சில வேலைகள்தான் தெருப்பக்கத்துக்குக் களையைக் கொடுத்தன. கேபிள் வயர்கள் நிலையின் குறுக்கே கொடிபோலத் தொங்கின. அவற்றை ஒரு குழாயில் இறக்கி ஓரம் கட்டினோம். மாடியிலிருந்து தெருவைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருந்த ஏசி பெட்டியைப் பக்கவாட்டுக்கு மாற்றினோம். பர்மாத் தேக்குக் கதவைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஆளி விதை எண்ணெய் தேய்த்ததும் எட்டுக்கண் விட்டெரிந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே ஏறிவிட்டன. தெருவில் கேமராவோடு வருகிறவர்கள் முன்பு எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார்கள், இப்போது நிற்கிறார்கள். மாமியாருக்குத் திண்ணையில் உட்கார ஒரு காரணம் கிடைத்தது.

சுண்ணாம்புக்கு ஐந்து தராததற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேல்கோட்டிங் கேட்கும், இது ஒன்று. இன்னொன்று, தொட்டால் ஒட்டும். திண்ணைச் சுவரில் இடுப்பு உயரம் வரை பழைய ஜப்பான் டைல்ஸ் இருப்பதால் உட்கார்ந்தவர்கள் தப்பித்தார்கள். நின்று சாய்ந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சாந்தி ஆல்பத்தில் சிங்கப்பூர்க்காரர் கருநீல ஜிப்பாவில் இருக்கிறார். குனிந்து சித்தப்பாவின் காலில் விழுகிற படத்தில் முதுகு முழுக்க வெள்ளை.