எடையைத் தரையிடம் கொடுத்தது: ஏழு வருடம், பதினொரு கான்டெம்பரரி ஒர்க்‌ஷாப்

2018 செப்டம்பரில் கான்டெம்பரரி, அதாவது இன்றைய புதுவகை நடனத்தில், என் முதல் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். இன்றுவரை பதினொன்று ஆகிவிட்டது. சனி, ஞாயிறு மட்டும் நடந்தவையும் உண்டு, பத்து நாள் அங்கேயே தங்கிச் செய்ததும் உண்டு. பெரும்பாலும் சென்னையில், இரண்டு பெங்களூரில், ஒன்று ஆரோவில் பக்கம். கொரோனா சமயத்தில் ஆன்லைனில் இரண்டு செய்தேன். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தரைப் பயிற்சிக்கு இடம் போதவில்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நான் எட்டு வயதிலிருந்து பரதநாட்டியம் படித்தவள். பதினாறில் அரங்கேற்றம். இப்போது மாலையில் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் போலப் பரதம் படித்துவிட்டு, கான்டெம்பரரி பக்கம் போகலாமா, காசு வீணாகுமா, அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடித்துத் தாழ்ந்து நிற்கும் பரத நிலை) கெட்டுவிடுமா என்று கேட்கிற பெண்கள் நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதைத்தான் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் ஒர்க்‌ஷாப்பின் முதல் ஒரு மணி நேரம் நாங்கள் ஆடவே இல்லை. நின்றோம். கண்ணை மூடி, இரண்டு பாதத்திலும் சமமாக எடை வைத்து, நிற்பதற்குத் தேவையில்லாத தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார்கள். முதலில் தாடை. அப்புறம் தோள்பட்டை, வயிறு, பின்புறம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஒன்று தெரிய ஆரம்பித்தது. நான் அசையாமல் நிற்கவில்லை. உடம்பு மெதுவாக முன்னால் சாய்கிறது, கணுக்காலைச் சுற்றி ஏதோ ஒரு சின்னத் தசை பிடித்து இழுக்கிறது, பின்னால் போகிறது, மறுபடி பிடிக்கிறது. நான் ஒன்றும் செய்யாமலே இது ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இதற்குச் ‘சிறு நடனம்’ என்று பேர். அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் கொண்டுவந்தது. 1972-ல் ஓபர்லின் கல்லூரியில் மாணவர்களை வைத்து அவர் செய்த ஒரு நிகழ்ச்சியில் எல்லாரும் மல்யுத்த மெத்தைமேல் விழுந்து, மோதி, உருண்டுவிட்டு, கடைசியில் இப்படிச் சும்மா நின்றார்களாம். ஒருவர்மேல் ஒருவர் எடை வைத்து, முன்கூட்டியே அமைக்காமல் ஆடுவதை கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷன் என்று இன்று உலகம் முழுக்கச் செய்கிற முறை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

சமபாதத்தில், அதாவது பாதங்களைச் சேர்த்து நேராக, நிற்க எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். ஆனால் நான் கற்ற நிற்றல் பிடித்து நிற்பது. விடாமல் பிடித்திருந்தால்தான் கம்பீரம் என்று என் உடம்பு முடிவு செய்து வைத்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் என் பற்கள் எவ்வளவு இறுகிக் கடித்திருக்கின்றன என்று முதன்முதலாகத் தெரிந்தது. இருபது வருடமாக ஒவ்வொரு தீர்மானத்தையும் (தாளக் கோர்வையை) பல்லைக் கடித்துக்கொண்டே ஆடியிருக்கிறேன்.

அடுத்தது விழுவது. இதற்கு எனக்கு மூன்று ஒர்க்‌ஷாப், கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ஆயிற்று. கேட்டால் எளிது. நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் தரைக்குப் போக வேண்டும், அடிபடக் கூடாது, சத்தம் வரக் கூடாது. முதலில் பாதத்தின் வெளி ஓரம், அப்புறம் கெண்டைக்கால் பக்கவாட்டுச் சதை, தொடையின் வெளிப்புறம், இடுப்பின் பக்கம், விலா, கடைசியாக நீட்டிய கை. எலும்பு நேராகத் தரையில் படாமல் சதை வழியாக இறங்க வேண்டும். இறங்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்தால் உடம்பு கட்டையாகிவிடும், கட்டை விழுந்தால் சத்தம் வரும். நான் ஒவ்வொரு தடவையும் முழங்காலை மடித்து, கட்டுப்பாடாக, அழகாகக் கீழே போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த அக்கா நாலைந்து தடவை பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். “நீ விழல. உட்கார்ற,” என்றார்.

அந்த வாக்கியத்தோடு ரொம்ப நாள் இருந்தேன். உட்காரும்போது நான் என் எடையைக் கடைசிவரை என்னிடமே வைத்திருக்கிறேன். விழும்போது ஒரு கட்டத்தில் அதைத் தரையிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கணம் பயமாக இருக்கிறது, அதனால்தான் உடம்பு கொடுப்பதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அமெரிக்க நடனக் கலைஞர் டோரிஸ் ஹம்ப்ரி தன் முறை முழுவதையும் விழுவதும் மீள்வதும் என்ற இரண்டின்மேல் கட்டியிருந்தார் என்று பிறகு படித்தபோது, அப்படி ஒன்றைச் சுற்றி ஏன் ஒரு முறையே உருவாயிற்று என்று எனக்கு விளங்கியது. ஒருநாள் சாயங்காலம், ரொம்பக் களைத்துப் போயிருந்தபோது, சத்தமே இல்லாமல் விழுந்தேன். விழுந்த வேகமே என்னை உருட்டி மறுபடி காலில் நிறுத்தியது. எழுந்திருக்க நான் தனியாக எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

சரி, பரதத்துக்கு இதனால் என்ன? இதை என் டீச்சரே கேட்டார். “ஏம்மா, அங்க போய்த் தரையில உருண்டுட்டு வந்தா நம்ம அரைமண்டி என்னத்துக்கு ஆகும்?” நான் பதில் சொல்லவில்லை, தட்டடவு (காலால் தரையைத் தட்டும் அடவு; அடவு என்பது பரதத்தின் அடிப்படை அசைவு) செய்து காட்டினேன். அவர் தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்திவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தம் ஆழமா வருது. ஆனா நீ முன்ன மாதிரி அடிக்கலையே,” என்றார். உண்மைதான். முன்பு காலால் தரையை அடிப்பேன். இப்போது இடுப்பிலிருந்து எடையை விடுகிறேன், கால் தானாகப் போய் விழுகிறது. பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் ஒன்று முடிந்ததும் வருகிற முட்டி வலி எனக்குப் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ‘ஸ்பேசஸ்’ நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்து, வேலை செய்த இடம். காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் படித்தவர். பல வருடம் மேடையை விட்டு விலகியிருந்தவர், 1985-ல் ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதத்தையும் கேரளத்துப் போர்க்கலையான களரியையும் யோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நகை, கதை, தெய்வம் எதுவும் இல்லாமல், உடம்பின் கோடும் எடையும் மட்டும். 2006-ல் அவர் மறைந்தார். அவரோடு ஆடிய பத்மினி செட்டூர் பின்னாளில் சென்னையிலிருந்தே தனக்கென்று ஒரு நடன மொழியை உருவாக்கிக்கொண்டார். ஆக, இந்த ஊரில் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே ஆழமாகக் கேட்டுவிட்டார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் களரியின் யானை வடிவில் நாற்பது நிமிடம் நடக்க வைத்தார்கள். அரைமண்டி போட்டு வளர்ந்த எனக்கு அந்தத் தாழ்வு புதிதில்லை. அந்தத் தாழ்விலேயே இடம் மாறிக்கொண்டிருப்பதுதான் புதிது.

படைப்பாற்றல் பற்றிச் சொல்கிறேன், எனக்கு அதிகம் மாறியது அதில்தான். ஆரம்பத்தில் போன ஒரு வகுப்பில் பாட்டைப் போட்டுவிட்டு “உங்களுக்குத் தோன்றுவதை ஆடுங்கள்” என்றார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம் அடவுதான். பக்கத்தில் இருந்த பாலே பெண்ணுக்குத் தோன்றியதெல்லாம் பாலே. சுதந்திரம் கொடுத்தால் உடம்பு பழகிய தடத்திலேயே ஓடுகிறது. நல்ல ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுப்பார்கள், அந்த வேலைக்கு விதி வைப்பார்கள்.

ஐந்து நாள் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்த வேலை இது: தினமும் உங்கள் உடம்பு செய்கிற, ஆனால் நீங்கள் கவனிக்காத ஒரு காரியம், முப்பது நொடி. ஒருவர் ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போட்டார், ஒருவர் தலை பின்னினார். நான் 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்து டிஸ்பென்சரில் கவிழ்ப்பதைச் செய்தேன். குத்துக்காலிட்டு, கேனைக் கட்டிப்பிடித்து, வலது தொடைமேல் ஏற்றி, ஒரு மூச்சு நிறுத்தி, எழுந்து, சட்டென்று கவிழ்ப்பது. அபிநயம் தெரிந்தவள் என்பதால் கனத்தைக் கண்ணிலும் புருவத்திலும் காட்டிவிட்டேன். “முகத்துல வேண்டாம். முதுகுல இருக்கட்டும்,” என்றார் சொல்லிக்கொடுத்தவர். மறுநாள் ஒரு உண்மையான கேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். பத்துத் தடவை தூக்கினேன். தூக்குவதற்கு முன்பே இடுப்பு பின்னால் போகிறது, தூக்கும்போது கழுத்து நீள்கிறது, கவிழ்க்கிற நொடியில் கனம் கையை விட்டுப் போனதும் உடம்பு அரை அடி மேலே கிளம்புகிறது. இதெல்லாம் பத்து வருடமாக நான் செய்வது, ஒன்றுகூடத் தெரியாது. அப்புறம் கேனை எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு விதி. எட்டு மடங்கு மெதுவாக. பிறகு படுத்தபடியே. பிறகு கடைசி அசைவிலிருந்து முதலுக்கு. கடைசியில், இன்னொரு ஆள்தான் கேன்.

அது நான்கு நிமிடத் தனி நடனமாக ஆயிற்று. கடைசி நாள் பார்க்க வந்தவர்கள் இருபத்தைந்து பேர்தான் இருக்கும். நான் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. முடிந்ததும் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம வீட்டுத் தண்ணி கேன்தானே?” என்றார். என் அரங்கேற்றத்தைவிட அந்த மாலைதான் எனக்குப் பெரிது.

ஆரோவில் பக்கம் போனது வீணாபாணி சாவ்லா தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழுவின் முகாமுக்கு. நாடகக்காரர்களுக்கானது என்று நினைத்துத் தயங்காதீர்கள். கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் போன்ற மரபுகளிலிருந்து மூச்சையும் உணர்ச்சியையும் இணைத்துப் பயிற்சி தருகிறார்கள். மூச்சு மாறினால் முகம் தானாக மாறும் என்பதை அங்கே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். என் பதங்கள் (அபிநயப் பாடல்கள்) அதற்கப்புறம் வேறு மாதிரி ஆயின.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் முப்பத்தெட்டு பேரை ஒரே ஹாலில் சேர்த்திருந்தார்கள். தரை சிமென்ட்மேல் டைல்ஸ். மூன்று நாளும் விழுந்து எழும் பயிற்சி. இரண்டாம் நாளே முட்டி வீங்கிவிட்டது, சொன்னதற்கு “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று பதில் வந்தது. மூன்று வாரம் வகுப்பெடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, பணம் கட்டும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி தரை என்ன தரை என்பதுதான். அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம், மேலே வினைல் விரிப்பு என்றால் நல்லது. மொசைக் என்றால் நின்று செய்கிற பயிற்சிகள் போதும். இரண்டாவது கேள்வி, எத்தனை பேர். இருபத்தைந்தைத் தாண்டினால் சொல்லிக்கொடுப்பவரின் கண் உங்கள்மேல் படாது. இன்னொருவர் உடம்பில் எடை வைக்கும் பயிற்சி இருந்தால், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை முதல் நாளே சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். நல்லவர்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு நாளில் ஒரு டான்ஸ் கற்றுக்கொடுத்து வீடியோ எடுத்து முடிக்கிற வகையும் இருக்கிறது. நான் இரண்டு போனேன், ஒரு அசைவுகூட இப்போது நினைவில் இல்லை.

மொழி பற்றியும் எனக்குக் குறை உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். மதுரை, தூத்துக்குடியிலிருந்து வந்த பிள்ளைகள், எங்களைவிட உடல் வலுவும் லயமும் உள்ளவர்கள், பேச்சு ஆரம்பித்ததும் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒரு தடவை “ரிலீஸ், ரிலீஸ்” என்று அரை மணி நேரம் சொல்லியும் நடக்காததை, உதவிக்கு வந்திருந்த ஒருவர் “பிடிச்சுக்கிட்டிருக்கறத விடு” என்றதும் மொத்த ஹாலில் தோள்கள் இறங்கின. “இடுப்பை ஊத்து” என்று அவர் சொன்னதை நான் இன்னும் என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். தமிழில் நடத்தத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கட்டணம்: நான் கொடுத்ததில் குறைவானது 1,200 ரூபாய், அதிகமானது தங்குமிடம், சாப்பாடு சேர்த்து 22,000. நுங்கம்பாக்கத்தில் உள்ள ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு மையங்களான மாக்ஸ்முல்லர் பவன், அலியான்ஸ் பிரான்சேஸ் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியிலிருந்து கலைஞர்கள் வரும்போது நல்ல வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

ஆனால் எதில் சேர்ந்தாலும் முடிந்த அடுத்த வாரம்தான் முக்கியம். முதல் இரண்டிலும் கற்றதை நான் ஒரு மாதத்தில் தொலைத்தேன், ஏனென்றால் வீட்டில் செய்யவில்லை. இப்போது தினமும் காலை இருபது நிமிடம் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் நிற்பது, பத்து நிமிடம் பழைய ஜமுக்காளத்தை விரித்து விழுந்து எழுவது, ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு விதியோடு ஒரு அடவு. மாலை வகுப்பிலும் தட்டடவுக்கு முன் பிள்ளைகளை இரண்டு நிமிடம் கண்மூடி நிற்க வைக்கிறேன்.

ஜனவரியில் ஐந்து நாள் ஒன்று அறிவித்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டேன். மரத்தரை, இருபது பேர். பணம் கட்டிவிட்டேன்.