இலையில்லா ஆர்க்கிட் என்று கூவைக்கிழங்கை விற்கிறார்கள், 4,800 ரூபாய்க்கு

‘கோஸ்ட் ஆர்க்கிட் கிழங்கு, வளர்ப்புக் கிட்டுடன் 4,800 ரூபாய்’ என்று யாராவது உங்கள் போனுக்குப் படம் அனுப்பினால் அந்த நம்பரை உடனே பிளாக் செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். நேற்று ராத்திரி அதை விற்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னையும் தூக்கிவிட்டார்கள். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். சுற்றிலும் ரப்பர், வருஷத்தில் இரண்டு மழையும் உண்டு. டென்ட்ரோபியம் மாதிரி ஆர்க்கிட் எல்லாம் தேங்காய் மட்டைத் துண்டிலேயே நன்றாகப் பூக்கும். அரிய செடிகள் விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இந்தப் படத்தைப் பார்த்தேன். குழுவின் பெயரைச் சொல்லவில்லை, கேஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விசாரித்ததும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. “பயப்படாண்டாம் அக்கா, நானும் தக்கலைக்காரன்லா. பூ வரலேன்னா முழு ரூவாயும் திருப்பித் தாறேன்.” பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். அந்த நேரம் எங்கள் வீட்டிலும் அதே மழை. நம்ம ஊர்ப் பையன், நம்ம ஊர் மழை, இதற்கு மேல் என்ன வேண்டும்? காட்டில் எடுத்ததா என்றும் கேட்டேன். இல்லை, லேபில் டிஷ்யூ கல்ச்சர் செய்தது என்றான். யூபிஐயில் 4,800 ரூபாய் அனுப்பினேன். பார்சல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கூரியர் சீட்டில் வேறு மாநிலத்து முகவரி.

உள்ளே நியூஸ் பேப்பரில் சுற்றிய கட்டைவிரல் நீளக் கிழங்குகள். வெள்ளையாக, வளையம் வளையமாக, மேலே மெல்லிய செதில். அதோடு ஒரு பாக்கெட் 19:19:19 உரம், ஒரு டப்பா பூஞ்சைக்கொல்லி, லேமினேட் செய்த அட்டை ஒன்று. அட்டையில்: ‘தினமும் 4 மணி நேரம் காலை வெயில். 15 நாளுக்கு ஒருமுறை பூஞ்சைக்கொல்லி தெளிக்கவும்.’

நாகர்கோவிலில் காலேஜில் தாவரவியல் எடுக்கும் என் சித்தப்பா மகளுக்கு அந்த அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. இந்த வகை ஆர்க்கிடுக்குப் பச்சையமே கிடையாது. வெயிலை வைத்து அது என்ன செய்யும்? மண்ணுக்குள், மட்கும் மரத்திலும் சருகிலும் படர்ந்திருக்கும் பூஞ்சையிடமிருந்துதான் அது சாப்பாட்டை உறிஞ்சுகிறது. பூஞ்சைக்கொல்லி தெளித்தால் அதன் சாப்பாட்டுக்கே விஷம் வைத்த மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் எபிபோஜியம் ரோசியம் என்று ஒன்று உண்டு. மற்ற நாளெல்லாம் கிழங்காக மண்ணுக்குள் கிடந்துவிட்டு, மழைக்குப் பிறகு வெளுத்த தண்டும் பூவுமாக எழும்பி, கொஞ்ச நாளிலேயே மக்கிப் போய்விடும். அதையும் விதையிலிருந்து பூ வரைக்கும் ஜப்பான் ஆய்வாளர்கள் லேபில் வளர்த்து 2007இல் கட்டுரை போட்டிருக்கிறார்கள், சரியான பூஞ்சையைக் கூடவே வளர்த்துத்தான். சீனாவில் மருந்துக்காகப் பயிர் செய்யும் காஸ்ட்ரோடியா என்ற இலையில்லா ஆர்க்கிடுக்கும் பூஞ்சை ஏற்றிய மரக்கட்டையைப் பக்கத்தில் புதைக்க வேண்டும். தொட்டியும் உரமும் வைத்து நடக்கிற காரியமில்லை.

இன்னொரு கூத்து, விளம்பரத்தில் இருந்த படம். தவளை குதிக்கிற மாதிரி வெள்ளைப் பூ, மரத்தில் ஒட்டிய வேர்கள். அது ஃப்ளோரிடாவிலும் கியூபாவிலும் இருக்கும் டென்ட்ரோஃபிலாக்ஸ் என்ற வேறொரு ஆர்க்கிட். அதற்கும் இலை இல்லை, ஆனால் பச்சை வேரிலேயே உணவு தயாரித்துக்கொள்ளும். மரத்தில் தொற்றி வாழும் செடிக்குக் கிழங்கு எங்கிருந்து வந்தது?

அட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, “அது ஜெனரல் கார்டு அக்கா, நீங்க நட்டு வைங்க” என்றான். நட்டேன். முளையும் வந்தது. கூராகச் சுருண்டிருந்து, விரிந்தபோது பளிச்சென்று பச்சை இலை. இலையே வராத செடியில்! வீட்டுக்கு வந்த மைனி பார்த்ததும், “இது கூவக்கெழங்குல்லா பிள்ள. எங்க வீட்டுக்குப் பின்னால காடா கெடக்கு, இதுக்கா 4,800 ரூவா?” என்றார். பிள்ளைகளுக்கு மாவு காய்ச்சிக் கொடுக்கிற அதே கூவை.

படம் எடுத்து அனுப்பினேன். பதில்: “அந்த இலை டெம்பரரி அக்கா. ஃபங்கஸ் செட் ஆனதும் உதிர்ந்திடும்.” இதை டைப் செய்ய அவனுக்குக் கை கூசவில்லை. அதோடு விட்டானா? ஃபங்கஸ் பாக்கெட் தனியாக 750 ரூபாயாம். நான் ரூபாயைத் திருப்பிக் கேட்ட பிறகு அவன் பேச்சில் இருந்த நம்ம ஊர் ‘லா’ காணாமல் போனது, அக்கா மேடம் ஆகிவிட்டேன். ஓனர் வெளியூரில், அக்கவுன்ட் செக்‌ஷனில் கேட்கிறோம், திங்கள்கிழமை பார்க்கலாம். எந்தத் திங்கள்கிழமை என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் அட்மின் என்று வேறொருவன் பேசினான்: “போலீசுக்குப் போனா காட்டுச் செடி வாங்கினதுக்கு நீங்களும்தான் மாட்டுவீங்க.” லேபில் வளர்த்தது என்று அவர்கள் சொன்ன வாய்ஸ் மெசேஜ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கூவைக்கிழங்கு எப்போதிலிருந்து காட்டுச் செடி?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இலையில்லாத, பூஞ்சையை நம்பி வாழும் ஆர்க்கிடை யார் தொட்டிச் செடி என்று விற்றாலும் வாங்காதீர்கள். ஒன்று போலி, இல்லையென்றால் எங்கள் பக்கத்துக் கீரிப்பாறை, பேச்சிப்பாறைக் காட்டில் யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டியது. ரிசர்வ் காட்டில் செடி பிடுங்குவது குற்றம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். பணம் போனது தெரிந்தவுடன் சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்க வேண்டாம்.

அதே படம் இன்று காலை வேறொரு குழுவில் ஓடுகிறது, விலை அதே 4,800. நம்பர்களின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். நான் இப்போது ஸ்டேட்மென்ட் வாங்க பேங்குக்குக் கிளம்புகிறேன்.