மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சீலிங் காத்தாடி மாட்ட ஆள் தேடுகிறவர்களுக்கு

பெரிய ரோட்டில், வாசலில் ஒயர் சுருள்களையும் உள்ளே தண்ணீர் மோட்டார்களையும் அடுக்கி வைத்திருக்கும் மின்சாமான் கடை. ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும். பெயர் போடவில்லை, ஏனென்றால் நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன், கடை முதலாளியான தவுக்கேயின் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டும். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: கடைக்கு ஐந்துக்கு மூன்று. அவர்கள் அனுப்பும் வயர்மேனுக்கு ஐந்துக்கு ஐந்து.

நான் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் மலிவு விலை வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒற்றை மாடி, ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே மரச் சட்டங்கள், சட்டங்களுக்குக் கீழே மெல்லிய சீலிங் அட்டை. தலைக்கு மேல் காங்கிரீட் என்று எதுவும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காத்தாடி மாட்டும் முறையைக் காட்டும் வீடியோக்களில் பாதிக்கு மேல் காங்கிரீட் தளத்தில் ஏற்கனவே கொக்கி வைத்துக் கட்டிய வீடுகள்தான். நம் பக்கத்துத் தாமான் வீடுகள் அப்படியில்லை.

ஹாலில் ஒரு பழைய காத்தாடி இருந்தது, முந்தைய வீட்டுக்காரர் மாட்டியது. சுற்றும்போது கழுத்தை ஆட்டும். அம்மா அறையில் மேசைக் காத்தாடி மட்டும். மதியம் அந்த அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று கடைக்குப் போனேன்.

தவுக்கே பாதி மலாய், பாதி தமிழில் பேசுவார். விற்பதில் அவசரம் காட்டவில்லை. அறை எத்தனை அடி, சீலிங் உயரம் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு இடத்துக்கும் 60 அங்குலம் எடுக்கலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். "பத்துக்குப் பத்து ரூமுக்கு 48 போதும் அக்கா, பெரிசு போட்டா சுவருக்குப் பக்கத்தில வரும்" என்று அவரே விலை குறைந்ததைக் காட்டினார். இதற்கு ஒரு மார்க். ஹாலுக்கு ரெகுலேட்டர் வைத்த கேடிகே பிராண்ட் 60 அங்குலம் எடுத்தேன், 199 வெள்ளி (ரிங்கிட்). அம்மா அறைக்கு ரிமோட் வைத்த டிசி மோட்டார் காத்தாடி, 319 வெள்ளி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியில் எழுந்து சுவர்வரை போய் வேகத்தைக் குறைக்க முடியாது. அதற்காகத்தான் ரிமோட்.

டிசி மோட்டார் கரண்டு குறைவாக இழுக்கும் என்று கடையில் பெரிதாகச் சொல்வார்கள். பெட்டியில் போட்டிருப்பது 35 வாட், சாதாரணக் காத்தாடி சுமார் 70 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பத்து யூனிட் சொச்சம் மிச்சம். தெனாகா மின்சார பில்லில் சில வெள்ளிதான். விலையில் கூடுதலாகக் கொடுத்த 120 வெள்ளியை அது திருப்பித் தர ரொம்ப நாள் ஆகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வாங்குங்கள், மிச்சம் பிடிக்கவென்று வாங்காதீர்கள்.

அக்காள் மகன் இணையத்தில் இதைவிட மலிவாக ஒன்றைக் காட்டினான். படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் இல்லை, மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிளும் இல்லை. நம் நாட்டில் சீலிங் காத்தாடி அனுமதி பெற்றுத்தான் விற்பனைக்கு வர வேண்டும். ஒரு வெள்ளி குறைவாக இருக்கிறதே என்று அம்மாவின் படுக்கைக்கு நேர் மேலே எதையோ தொங்கவிட நான் தயாராக இல்லை.

இப்போது குறை. ரிமோட் காத்தாடியை எடுத்து பில் போட்டவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற இளம் பையன். அந்த அறைச் சுவரில் ஏற்கனவே ரெகுலேட்டர் இருக்கிறதா என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தது. முந்தைய வீட்டுக்காரர் அங்கே காத்தாடி வைத்திருந்து கழற்றிக்கொண்டு போனதன் மிச்சம் அது. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. ரிமோட் காத்தாடிக்குள் இருக்கும் போர்டுக்கு முழு 230 வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே லைனில் வைத்து ரெகுலேட்டரைத் திருகினால் போர்டு கெட்டுப்போகும், வாரண்டியும் கிடைக்காது. விற்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. வயர்மேன் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி சாதாரண சுவிட்ச் வைக்க தனியாக 15 வெள்ளி. பெரிய காசில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, நேரம். காலை ஒன்பதுக்கு ஆள் வருவார் என்றார்கள். நான் ஆபீசில் அரை நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்துதான் வந்தார். "காலையில கந்தான் பக்கம் ஒரு வீட்ல மாட்டிக்கிட்டேன் அக்கா" என்றார். போன் பண்ணிச் சொல்ல வேண்டியது கடையின் பொறுப்பு. அம்மா அதற்குள் அவருக்கும் சேர்த்து சோறு வடித்துவிட்டார்.

வயர்மேன் முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி. சுருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையம் கொடுத்த பெண்டாவாய் (வயர்மேன்) சான்று இருக்கிறதா என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் கைப்பேசியில் காட்டினார். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் அவர் செய்த முதல் வேலைக்குத்தான் ஐந்து மார்க்கும். காத்தாடிப் பெட்டியைத் தொடவே இல்லை. குளியலறைப் பக்கம் சீலிங்கில் இருக்கும் சதுர மூடியைத் தள்ளிவிட்டு, முகத்தில் மாஸ்க், நெற்றியில் விளக்கோடு மேலே ஏறிவிட்டார். கீழேயிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் முனகும் சத்தமும், இடையிடையே "ஐயோ" என்ற ஒரு சொல்லும்.

இறங்கி வந்து படத்தைக் காட்டினார். ஹால் காத்தாடியின் கொக்கி ஒரு சின்னப் பலகையில் திருகப்பட்டிருந்தது. அந்தப் பலகை எதில் நின்றது தெரியுமா? சீலிங் அட்டையை ஆணியடித்து நிறுத்துகிற மெல்லிய சட்டத்தில். இரண்டே ஆணி. ஒன்று பாதி வெளியே வந்து, துருப்பிடித்து, வளைந்து நின்றது. ஆணி இருந்த துளையைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது. காத்தாடி கழுத்தை ஆட்டியதற்குக் காரணம் இறக்கையோ மோட்டாரோ இல்லை, மேலே பலகையே ஆடியிருக்கிறது. நாங்கள் அதற்கு நேர் கீழே பாய் விரித்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுல புதுக் காத்தாடி மாட்ட மாட்டேன் அக்கா. கட்டை போட்டாத்தான்" என்றார். கூடுதல் காசுக்காகச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து இடத்துக்கு 45 வெள்ளி. படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு சரி என்றேன்.

இரண்டுக்கு நாலு அங்குலக் கெட்டி மரக் கட்டை. கூரைச் சட்டங்களின் இரண்டு அடிக்கட்டைகளுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கினார். ஆணி அடிக்கவில்லை. காத்தாடி சுற்றச் சுற்ற வரும் அதிர்வில் ஆணி மெல்ல மெல்லக் கழன்று வரும் என்பதை அந்தப் படமே காட்டிவிட்டதே. கட்டையின் நடுவில் துளை போட்டு, கொக்கியை அடியிலிருந்து ஏற்றி, மேலே வாஷரும் நட்டும். காத்தாடியோடு வரும் பாதுகாப்புக் கம்பிக் கயிற்றை அதே கொக்கியில் மாட்டாமல் கட்டையில் தனி இடத்தில் கட்டினார். கொக்கியே போனாலும் காத்தாடி அந்தக் கயிற்றில் நிற்க வேண்டும், அதற்குத்தான் அது. எல்லாம் முடிந்ததும் கொக்கியில் ஒரு கயிற்றைப் போட்டு, ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டு, தானே தொங்கிப் பார்த்தார். எழுபது கிலோவாவது இருப்பார். காத்தாடி எட்டுக் கிலோகூட வராது. அம்மா "யய்யா, விழுந்திடாதய்யா" என்று கத்திக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார்.

சீலிங் அட்டையில் ஓட்டை பெரிதாக்க வேண்டியிருந்தது. அட்டை எத்தனை வருஷத்துப் பழசு என்று கேட்டார். பழைய அட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், தூள் மூச்சில் போகக் கூடாது என்று சொல்லி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மெதுவாக வெட்டினார். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டவிடவில்லை, ஈரத்துணியால் துடைத்து துணியோடு பையில் கட்டி எடுத்துப் போனார்.

ஒயர் வேலைக்கு முன்னால் டெஸ்ட் பென்னை ஓடுகிற பிளக்கில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். பிறகு மெயின் பெட்டியில் அந்த லைனை அணைத்து, யாரும் தட்டிவிடாமல் இருக்க மேலே டேப் ஒட்டினார். பிறகு மறுபடியும் டெஸ்ட் பென்னால் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறக் கூடாதாம். கரண்டு வரும் சிவப்பு ஒயரை வெட்டாமல், திரும்பிப் போகும் கறுப்பு ஒயரை வெட்டும்படி சுவிட்ச் வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறாராம். அப்படி இருந்தால் காத்தாடி நின்றிருக்கும், ஒயரில் கரண்டு இருக்கும்.

எங்கள் சீலிங்கில் வந்திருந்தது சிவப்பும் கறுப்பும் மட்டும், எர்த்துக்கான பச்சை இல்லை. காத்தாடியிலிருந்து வருவது பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள். பழுப்பு சிவப்போடு, நீலம் கறுப்போடு. பச்சை மஞ்சளுக்கு ஜோடி இல்லை. பல வீட்டில் அதை மடித்து டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். இவர் மெயின் பெட்டியிலிருந்து எர்த் ஒயர் இழுத்துக் கொண்டுவந்தார். இரும்பு உடம்பு உள்ள சாமான், உள்ளே ஒயர் தோல் உரிந்து உடம்பில் பட்டால் கரண்டு போவதற்கு எர்த் வேண்டும், அப்போதுதான் கரண்டு கசிந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் சட்டென்று விழும். ஜாயிண்டுகளை முறுக்கி டேப் சுற்றவில்லை, கனெக்டர் போட்டுத் திருகினார். போகும்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

இறக்கை மாட்டியது சீக்கிரம் முடிந்தது. மூன்று இறக்கையும் எடை பார்த்து ஒரு செட்டாக வருவதால் இன்னொரு பெட்டி இறக்கையோடு கலக்கக் கூடாது. மாட்டியதும் சீலிங்கிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் அளவு டேப் வைத்து, ஒரே உயரமா என்று அளந்தார். தரையிலிருந்து இறக்கைக்கு 2.3 மீட்டருக்குக் குறையக் கூடாது, எங்கள் வீட்டில் 2.4 வந்தது. சரி என்று நான் நினைத்த நேரத்தில், அம்மா அறை மூலையில் இருந்த இரட்டை மாடிக் கட்டிலைப் பார்த்துவிட்டார். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் மேல் கட்டிலுக்குத்தான் சண்டை. "இது இங்க இருக்கக் கூடாதுக்கா, பிள்ளை எழுந்து உக்காந்தா தலை எங்க இருக்கும்?" என்றார். கட்டில் இப்போது பின்கட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஹால் காத்தாடி ஐந்தாம் நம்பரில் வைத்தாலும் ஆட்டமில்லை. அம்மா ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தருவதில்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஜெனரேட்டர் ராத்திரி நின்றதும் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டே எங்களைத் தூங்க வைத்தவர், இப்போது மூன்றாம் நம்பரில் குளிருகிறது என்கிறார்.

கூலிக் கணக்கு: மாட்டுக்கூலி இடத்துக்கு 60 வெள்ளி, கட்டை இடத்துக்கு 45, எர்த் ஒயர் இரண்டுக்கும் சேர்த்து 70, சுவிட்ச் 15. மொத்தம் 295. கடையில் ஒரே வரியில் "பாசாங் கிப்பாஸ்" (காத்தாடி மாட்டியது) என்று எழுதி மொத்தத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லி நின்றேன். தவுக்கே கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார். ஈப்போவிலிருந்து ஒருவர் இதைவிடக் குறைவாக, வெறும் மாட்டுக்கூலி மட்டும் சொன்னார். சீலிங்குக்கு மேல் ஏறிப் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டேன். "தேவையில்லைம்மா, பழைய கொக்கி இருக்குல்ல, அதுலயே மாட்டிடலாம்" என்றார். அந்தக் கொக்கியின் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் தீபாவளி நெருங்குவதற்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு அந்தத் தம்பி கிடைக்க மாட்டார். சுவரில் ரெகுலேட்டர் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் பில் போடும் முன்னே காட்டுங்கள். காலை ஒன்பது என்று சொன்னால் முழு நாள் லீவு போடுங்கள். ஹால் சீலிங்கில் பழைய ஓட்டையை மூடி வெள்ளையடிக்க ஆள் அனுப்புகிறேன் என்று தவுக்கே சொன்னார். இன்னும் யாரும் வரவில்லை. குறைத்த இரண்டு மார்க்கில் ஒன்று அதற்கு.