ஸ்லோகம் சொல்லித்தர்ற ஆப், ரெண்டு மாசம் யூஸ் பண்ணதுல தோணினது

ஒரே எக்ஸாம்ல மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சு, புக்க தொடவே புடிக்கல, அப்போ டவுன்லோட் பண்ணதுதான் இது. கீதையோட 18 அத்தியாயம் 700 ஸ்லோகமும் இருக்கு ஆனா நான் புடிச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, ஆறாவது அத்தியாயத்துல அஞ்சாவது, "உத்தரேதாத்மனாத்மானம்"னு ஆரம்பிக்கும். உன்னை நீயேதான் தூக்கி விட்டுக்கணும், நீயே உன்னை அமுக்கிக்காத, உனக்கு உறவும் நீதான் பகையும் நீதான், அவ்ளோதான் அர்த்தம்.

ஆடியோ சூப்பர். அனுஷ்டுப் சந்தம், எட்டு எட்டு எழுத்தா நாலு பாதம், ஒவ்வொரு பாதமா சொல்லிட்டு நமக்கு கேப் விடுறாங்க, ஸ்பீடும் குறைச்சுக்கலாம், நாலே நாள்ல மனப்பாடம் ஆயிடுச்சு.

ஆனா தமிழ் எழுத்துல போட்டிருக்கறது சொதப்பல். சமஸ்கிருத உச்சரிப்ப பிரிச்சு காட்ட க, ச, ட, த, ப பக்கத்துல சின்னதா 2, 3, 4 போடுவாங்களே, அது இல்லவே இல்ல. உறவுன்னு அர்த்தம் வர்ற "பந்து"வ நான் ஒரு வாரமா விளையாடுற பந்து மாதிரியே சொல்லிட்டு இருந்தேன், ஆடியோவ காது குடுத்து கேட்டப்போதான் உறைச்சுது :) அதனால கேட்டு கத்துக்கோங்க, படிச்சு வேணாம்.

இன்னொரு கடுப்பு, 108 கவுண்டர். 90 தாண்டும்போது போன் வந்தா திரும்ப பூஜ்யம்! இப்பல்லாம் ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டுதான் உக்கார்றேன். நாலாவது தடவை எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு, ஆப்புக்கு 4 ஸ்டார்.