பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? அல்சூரில் ஒருநாள் பயிற்சி வகுப்பு

பெங்களூரு அல்சூரில் பதினெட்டு ஆண்டுகளாக ட்யூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் எஸ்.எஸ்.எல்.சி. வரை, பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன், உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான். ஜியோமெட்ரி பாக்ஸும் இன்னொருவருக்குப் போனது. நல்ல மனசு என்று எல்லார் முன்னாலும் பாராட்டினேன். பத்து நாள் கழித்து, தற்கொலைக்கு முயன்ற அவனை மருத்துவமனையில் பார்த்தேன். பிழைத்துக்கொண்டான், இப்போது டிப்ளமோ படிக்கிறான். உயிராக வைத்திருந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது தற்கொலை எண்ணத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பாராட்டு என்னை உறங்கவிடவில்லை.

அதனால்தான் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இந்தத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்குப் போனேன். சனிக்கிழமை, பத்து மணி முதல் நான்கு மணி வரை. மதிய உணவோடு 300 ரூபாய்.

முதல் ஒரு மணி நேரம் வெறும் புள்ளிவிவரம். 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைத் திரையில் காட்டினார்கள். அந்த ஓர் எண் போதும். மற்ற வரைபடங்களைக் குறைத்திருக்கலாம்.

அதன்பின் வந்ததுதான் வகுப்பு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் மருத்துவமனைகளுக்காக உருவாக்கிய நான்கு கேள்விகளைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். சுற்றி வளைக்காத கேள்விகள். செத்துப்போயிருக்கலாம் என்று அண்மையில் தோன்றியதா? நீ இல்லாவிட்டால் வீட்டாருக்கு நல்லது என்று நினைத்தாயா? உயிரை விடும் எண்ணம் வந்ததா? எப்போதாவது முயன்றாயா? எதற்காவது ஆம் என்றால் அது நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல. மனநல மருத்துவரோ ஆலோசகரோ உடனே பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம். கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளையின் மனத்தில் முளைத்துவிடாது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதையும் விளக்கினார்.

பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து கேட்டுப் பழகச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. "செத்துத் தொலை" என்று கோபத்தில் நம் வீடுகளில் எத்தனை முறை சொல்கிறோம்! திட்டும்போது தாராளமாக வருகிற சொல், அக்கறையோடு கேட்கப்போனால் தொண்டையில் நின்றுவிடுகிறது. ஐந்தாவது முறைதான் குரல் நடுங்காமல் கேட்டேன். கொடுத்த பணம் அந்த அரைமணி நேரத்துக்கே தகும்.

குறை இரண்டு. கையேடு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும், "நான் வீட்டுக்குப் பாரம்" என்பதை நம் பிள்ளை தமிழில்தான் நினைக்கிறது. இரண்டாவது குறை பெரியது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் பயிற்சியாளரே மறைக்காமல் சொன்னார். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மாணவர்களுக்கே மனநல வகுப்பு நடத்திய பள்ளிகளில், ஓராண்டில் தற்கொலை முயற்சிகள், அந்த வகுப்பு நடக்காத ஒப்பீட்டுக் குழுவில் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான். அப்படியிருக்க, இந்த நிறுவனம் மாணவர்களுக்கு ஏன் ஒரு வகுப்பும் நடத்தவில்லை? கேட்டேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்பது வெகுதூரம்.

சென்ற மாதம் ஒரு மாணவி தொடர்ந்து நான்கு நாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். முன்பென்றால் வெளியே நிறுத்தியிருப்பேன். வகுப்பு முடிந்ததும் உட்காரவைத்துக் கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு, "ஆமாம் மிஸ்" என்றாள். அவளைத் தனியாக விடாமல், அம்மாவை வரவழைத்து, மூவருமாக 14416க்குப் பேசினோம். பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை அது; கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இப்போது அவள் வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கிறாள்.

நான்கு கேள்விகளையும் தமிழில் எழுதி நிறுவனத்தாரிடம் கொடுத்திருக்கிறேன். அன்று வந்திருந்த இருபத்தைந்து பேரில் ஆண்கள் மூவர்தான். அடுத்த வகுப்புக்காக என் மாணவர்களின் அப்பாக்கள் ஆறு பேரிடம் சொன்னேன். இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.